றொசல்லக்காரனுக்கு ஒரு திருத்தம்

இன்று காலைத் தபாலில் உன் நினைவுக் கூட்டத்துக்கான அழைப்பிதழ் வந்தது. தடித்த மஞ்சள் அட்டை. மை சரியாகக் காயவில்லை போலும், உன் படத்தின் கறுப்பு என் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. படத்துக்குக் கீழே இப்படி இருந்தது: "இந்தியாவிலிருந்து வந்து மலையகத்தைச் சிரிக்க வைத்த மேடைக் கலைஞரின் முதலாம் ஆண்டு நினைவு."

கூட்டத்தை ஒழுங்கு செய்யும் இளைஞனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, இவர் இந்தியாவிலயிருந்து வந்தவர் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"என்னங்கய்யா இப்பிடிக் கேக்குறீங்க? நீங்க எழுதுனதுதானே. பழைய பேப்பர் கட்டிங் ஒண்ணு கெடைச்சுச்சு. கீழ உங்க பேருதான் இருக்குங்க."

தொலைபேசியை வைத்தேன். அவன் சொன்னது சரி. பிழை என்னுடையது. நீயும் நானும் அறிமுகமானதே அந்தப் பிழையால்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனில் நிருபராக அமர்ந்து நான்கைந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. றொசல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கோயில் திருவிழாவில் உன்னை முதன்முதலாகப் பார்த்தேன். தகரக் கூரை போட்ட சின்ன மேடை, ஒரு மைக், உன் தோளில் ஒரு கறுப்புக் கம்பளி. வாத்தியம் இல்லை, கூட நடிக்க ஆள் இல்லை. ஒரு மணி நேரம் தனியாக நின்று பேசினாய். மழைத் தூறலிலும் சனம் கலையவில்லை. சுவரொட்டியில் "இந்தியப் புகழ்" என்று போட்டிருந்தார்கள். என் யாழ்ப்பாணக் காதுக்கு உன் பேச்சு திருச்சி, மதுரைப் பக்கத்துப் பேச்சாகவே கேட்டது. நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. "இந்தியாவிலிருந்து வருகை தந்திருந்த கலைஞர்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, மடித்த பத்திரிகையோடு என் அறை வாசலில் வந்து நின்றாய்.

"இத எழுதுனது நீங்கதானா?"

"ஓம். இருமன். தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

"குடிப்போம். எங்காளுங்க பறிச்சது எப்பிடி இருக்குன்னு நானும் பாக்கணும்ல." உட்கார்ந்துவிட்டுக் கேட்டாய்: "என்னைய எந்த ஊருன்னு நெனச்சீங்க?"

"திருச்சிப் பக்கம் எண்டு நினைச்சன். நீர் கதைச்ச விதம் அப்பிடித்தானே இருந்தது."

"அண்ணே, றொசல்ல ஸ்டேஷனுக்கு மேல, தேயிலத் தோட்டத்து ரெண்டாம் நம்பர் லயத்து வீட்டுல பொறந்தவன் நான். இந்தியாவுக்கும் நமக்கும் நடுவுல கடல் இருக்குன்னு சொல்றாங்க. அதையே நான் இன்னும் பாத்ததில்ல."

சுவரொட்டியைச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன்.

"அது கோயில் தலைவரு போட்டது. உள்ளூர்க்காரன்னு போட்டா சனம் வராதுன்னு அவருக்குப் பயம். அவரு பொய் சொன்னா அது திருவிழாவோட போயிரும். நீங்க பேப்பர்காரரு. நீங்க சொன்னா நின்னுக்கிடும்."

அன்று அதை ஒரு கோபக்காரனின் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். அது அப்படியே நின்றுகொண்டிருப்பதை இன்று காலை மஞ்சள் அட்டையில் பார்த்தேன்.

பிறகு உள்பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்தாய். உன் அப்பாவின் இந்தியக் கடவுச்சீட்டு. நாடற்றவர்களாக இருந்தவர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று இரண்டு அரசுகளும் பேசி முடித்த காலத்தில் எடுத்தது. அவர்கள் புறப்படுவதற்குள் உள்நாட்டுச் சண்டை தொடங்கி, இந்தியாவுக்கான கப்பல் நின்றுவிட்டது. அப்பா லயத்திலேயே கண்ணை மூடினார். பிள்ளைகளின் பெயர் எழுதும் பக்கத்தில் உன் பெயர் இருந்தது, வயது ஏழு. பிறப்புச் சான்றிதழ் இல்லை, அடையாள அட்டை இல்லை. இந்த உலகில் நீ இருப்பதாகச் சொன்ன ஒரே காகிதம் அதுதான்.

"அந்த ஊரு சர்க்காருக்கு எனக்கு இன்னும் ஏழு வயசுதாண்ணே. அதான் பஸ்ல அர டிக்கெட்டு கேக்குறேன், தர மாட்டேங்குறான்."

திருத்தம் போடுவதாக வாக்குக் கொடுத்தேன். கொழும்பிலிருந்த பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "பாஸ்போட்டிலை இந்தியன் எண்டுதானே கிடக்கு? பிறகென்ன பிழை?" என்றார் ஆசிரியர். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, இரண்டாம் முறை எடுத்துச் சொல்லும் துணிவு இருக்கவில்லை. திருத்தம் வரவில்லை. நீ அதற்காக என்னை வெறுக்கவும் இல்லை. ஞாயிறு தோறும் வரத் தொடங்கினாய்.

நீ வேலை செய்யும் விதத்தை அதன் பிறகுதான் கண்டேன். மாலையில் ஒரு தோட்டத்தில் நிகழ்ச்சி என்றால், அன்று விடியற்காலையே அங்கே போய்விடுவாய். தோட்டத்தின் நாள் பெரட்டில் தொடங்குகிறது. வேலைக்காரர்கள் களத்தில் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். "வந்திருக்கேங்க" என்று பதில் சொன்னவர்களுக்கு அன்று எந்த மலையில் கொழுந்து பறிப்பது என்று சொல்வார். பிந்தி ஓடி வருகிறவளுக்கு வேலை இல்லை. "பெரட்டு முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போ" என்று எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பிவிடுவார். நீ களத்தின் ஓரத்தில் அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்று பெயர்களை மனப்பாடம் செய்வாய். மாலையில் மேடை ஏறி, கணக்கப்பிள்ளையின் தொண்டைக் கனைப்போடு அதே பெயர்களைக் கூப்பிடுவாய். கூட்டத்திலிருந்து அந்தப் பெண்களே பதில் சொல்வார்கள். காலையில் தலைகுனிந்து சொன்ன அதே இரண்டு சொற்களை மாலையில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

ஒரு தோட்டத்துத் துரை உன்னை வாசலுக்குள் விட வேண்டாம் என்று கட்டளை போட்டார். நீ வாசலுக்கு வெளியே, றோட்டில் நின்று பேசினாய். தோட்டம் வெளியே வந்து கேட்டது.

இரண்டு மூன்று வருடம் கழித்துக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய மண்டபம், வர்த்தகர் சங்கம் ஒன்றின் ஆண்டு விழா. சுவரொட்டியில் மறுபடியும் "இந்தியாவிலிருந்து நேரடி வருகை". என்னையும் கூட வரச் சொன்னாய். பஸ்ஸில் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி.

"கோ ஐசி எக்க?" என்று அடையாள அட்டையைக் கேட்டான் சிப்பாய். நான் நீட்டினேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது, இறங்கச் சொன்னான். உன்னிடம் நீட்ட அட்டை இல்லை, உன்னையும் இறங்கச் சொன்னான். வெயிலில் இரண்டு பேரும் அரை நாள் நின்றோம்.

"உங்ககிட்ட காயிதம் இருந்துச்சு, எறக்கிட்டான். என்கிட்ட காயிதம் இல்ல, எறக்கிட்டான்" என்றாய். "நல்ல நாடுண்ணே. பாகுபாடே பாக்குறதில்ல."

வாழ்க்கையிலேயே அவ்வளவு தவறான இடத்தில் நான் சிரித்ததில்லை. அதற்காக இன்னும் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள்.

விழாவுக்கு முதல் நாள் சங்கத்தின் செயலாளர் உன்னிடம் விஷயத்தைச் சொன்னார். "மெட்ராஸில இருந்து பிளைட்ல வந்து இறங்கின மாதிரிப் பேசோணும். தோட்டம், லயம் எண்டு ஒண்டும் வேண்டாம். முன்னுக்கு இருக்கிறதெல்லாம் பெரிய ஆக்கள். நல்லாச் செய்தால் லண்டன், கனடா எண்டு நாங்களே கூட்டிக்கொண்டு போவம்."

"சரிங்க" என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உனக்கு அப்போது வேறு எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் பின்னேரம் நிகழ்ச்சி தொடங்கும் முன் உன்னைக் காணவில்லை. மண்டபத்தின் பின்வளவில் தேடிப் பிடித்தேன். முதலாளிமாரின் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாய். எல்லோரும் நம் மலைப்பக்கத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவர்கள். நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது எனக்கு மேடையில்தான் விளங்கியது.

மைக் முன்னால் வந்தாய். வெள்ளை வேட்டி, சட்டை எல்லாம் அவர்கள் வாங்கிக் கொடுத்தவை. கம்பளி மட்டும் உன்னுடையது.

"வணக்கங்க. நான் இந்தியாவுல இருந்து வந்திருக்கேன்னு சொன்னாங்க. உண்மதான். எங்க பாட்டனோட பாட்டன் வந்தாரு. பிளைட் கெடைக்கல, நடந்து வந்தாரு. வந்து நூறு வருசத்துக்கு மேல ஆகுது. இன்னும் வந்து சேரலன்னுதான் ஆபீஸ்ல சொல்றாங்க."

முன்வரிசையில் இரண்டொருவர் மரியாதைக்குச் சிரித்தார்கள். செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். நீ கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு தொண்டையைக் கனைத்தாய்.

"பெரட்டு! ராமாயி!"

முன்வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ராமாயி! வந்திருக்கியா, இல்ல இங்கயும் லேட்டா?"

கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோடு நின்ற ஒரு பெண், யாருடையதோ பிள்ளையைத் தோளில் போட்டபடி, "வந்திருக்கேங்க!" என்றாள். அடுத்த பெயருக்கு இன்னொருத்தி. பிறகு கடைகளில் சாமான் கட்டும் நம் ஆட்கள், நீ கூப்பிடாமலே தங்கள் பெயரையும் தோட்டத்தையும் சொல்லி "வந்திருக்கேங்க!" என்றார்கள். பின்பக்கம் முழுவதும் எழுந்து நின்றது. முன்வரிசை திரும்பித் திரும்பிப் பார்த்தது. தங்கள் வீட்டில் பல வருடமாக இருக்கிறவளின் முழுப்பெயரைச் சிலர் அன்றைக்குத்தான் கேட்டிருப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து, ஒரு மணி நேரம் பிந்தி, பிரதம விருந்தினர் மாலையோடு உள்ளே வந்தார். நடுப்பாதையில் பாதி தூரம் வரும்வரை விட்டாய்.

"நில்லு! மணி என்னா? பெரட்டு முடிஞ்சிருச்சு. இன்னைக்கு வேல இல்ல. வீட்டுக்குப் போயி நாளைக்கு நேரத்தோட வா!"

அவர் நின்றுவிட்டார். ஒரு காலை முன்னால் வைத்தபடி, போவதா வருவதா என்று தெரியாமல். பின்பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பு அவரைத் தாண்டி மேடைக்கு வந்தது. மைக்கை நிறுத்தினார்கள். "பெரட்டுக்கு மைக்கு எதுக்குடா?" என்று கத்திவிட்டு, மீதிப் பெயர்களையும் வெறும் தொண்டையில் கூப்பிட்டு முடித்துத்தான் இறங்கினாய்.

ரயிலில் திரும்பி வரும்போது கேட்டேன்: "ஏன் இப்பிடிச் செய்தனீர்? லண்டனும் போச்சு, கனடாவும் போச்சு."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அந்த வார்த்தையக் கேட்டுட்டு எங்கம்மா எத்தன நாளு வெறுங்கையோட திரும்பி வந்திருக்கு தெரியுமா? அடுப்படியில மூஞ்சிய மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். ஒரு நாளு ஒரு பெரிய மனுசனும் கேக்கட்டுமேன்னு பாத்தேன். அதுக்கு லண்டன் என்னாண்ணே, ஆறு லண்டன் குடுக்கலாம்."

அந்த நிகழ்ச்சியைப் பற்றி நான் எழுதிய செய்தியில் முதல் வரியிலேயே நீ பிறந்த தோட்டம் இருந்தது. அச்சில் வந்தபோது அந்த வரி இல்லை. கொழும்பு அதற்குப் பிறகு உன்னைக் கூப்பிடவும் இல்லை. நீ பத்து வருடத்துக்கு மேல் மலைமலையாக ஏறிப் பேசினாய். திருவிழா, பாடசாலை மண்டபம், கலியாண வீடு. வலப்பனையில் ஒரு சந்தை நாளில், மரக்கறிப் பெட்டி மேல் ஏறி நின்று பேசியதையும் பார்த்திருக்கிறேன்.

பிறகு குடியுரிமைச் சட்டம் மாறியது. விண்ணப்பித்து, அலைந்து, ஒரு நாள் மத்தியானம் அடையாள அட்டையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாய்.

"பாருங்கண்ணே. நேத்து வரைக்கும் ஏழு வயசு. ஒரே ராத்திரியில நரைச்சுப் போச்சு." பிறகு மெதுவாக, "இப்பவாச்சும் அந்தத் திருத்தம் போடுவாங்களா?" என்றாய்.

புதிய ஆசிரியரிடம் கேட்டேன். "இவ்வளவு வருசத்துக்குப் பிறகு திருத்தமோ?" என்று சிரித்தார். உன்னிடம் வந்து சொன்னேன். "பேப்பர்லயும் பெரட்டு முடிஞ்சிருச்சு போல" என்றாய். நீ சிரித்தாய். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோதும் நீ அதைப் பற்றிப் பேசவில்லை. தாதிமார் வேலை மாறும்போது பெயர் கூப்பிடுவதைச் சரியாகப் பிடித்துவிட்டதாகச் சொல்லி, இருமலுக்கு நடுவே நடித்துக் காட்டினாய்.

அந்த வரியை நான் விட்டுவைத்தேன். உன் வாழ்க்கையில் நான் செய்த வேலை அது. அழைப்பிதழில் அதைச் சிவப்பு மையால் அடித்து, "றொசல்ல, இரண்டாம் நம்பர் லயத்தில் பிறந்த" என்று மேலே எழுதி, இன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். இதை இப்படியே அச்சடித்தால்தான் கூட்டத்தில் பேசுவேன் என்று அந்த இளைஞனுக்கு மறுபடி தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவன் தயங்கினான்.

"ஐயா, இருநூறு கார்டு குடுத்து முடிஞ்சிருச்சுங்களே."

"அப்ப இருநூறு கார்டிலயும் வெட்டி எழுதுவம். நானும் வாறன். கையெழுத்து எனக்கு இன்னும் நடுங்கேல்லை."

கூட்டம் நடக்கும் ஞாயிறன்று மண்டபத்துக்கு நேரத்தோடு போவேன். உன் கம்பளி என்னிடம்தான் இருக்கிறது, நீ போன பிறகு உன் அம்மா தந்தது. மழை நாளில் அதில் இன்னும் கொழுந்து வாடை அடிக்கிறது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, என் யாழ்ப்பாண நாக்கு எவ்வளவு தடுக்கினாலும், முதலில் உன் பெயரையும் தோட்டத்தையும் லயத்தையும் கூப்பிடுவேன். சபையில் எவராவது உனக்காகப் பதில் சொல்லும்வரை அடுத்த பெயருக்குப் போகமாட்டேன்.

பிரதம விருந்தினர் ஒருவரும் வருகிறாராம். பிந்தித்தான் வருவார் என்று கேள்வி. வரட்டும்.