செஃபலூக் கடற்கரை வாங்கு

பலெர்மோ
19 மே 2006

அன்புள்ள மாக்கிரட்,

உமக்கு நலமில்லை என்று தெரிந்துகொண்டே நலமா என்று கேட்பது பொய். ஆகவே கேட்கவில்லை. கண்ணுக்கு மருந்து விடுகிறீரா என்று மட்டும் எழுதும்.

ஜெனனி எனக்கு ஊர் காட்டத் தொடங்கிவிட்டாள். வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு இங்கே வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. வியாழன் வந்தால் வியா மக்வேதா என்ற கடைத்தெரு முழுக்க நம்மவர்கள். ஒருவரும் ஒன்றும் வாங்குவதில்லை, நடக்கிறார்கள்.

போன வாரம் மொன்றியாலே. மலைமேல் பேராலயம், உள்ளே சுவரெல்லாம் பொன். அதிலே நோவாவின் பேழை நம்மூர் வள்ளத்தைவிடச் சிறியதாக இருக்கிறது. இதற்குள் இத்தனை உயிர்கள் எப்படி அடங்கும் என்று கேட்டேன். "எண்ணூறு வருசத்துக்கு முந்தினவைக்கும் பிழை திருத்துறியள் அம்மா" என்றாள் மகள்.

நேற்று கப்புச்சின் சபையாரின் நிலவறை. பிணங்களை அவரவர் உடுப்போடு சுவரில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குருமாருக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. "பயமில்லையோ அம்மா?" என்றாள். பயமில்லை, அருவருப்பு. செத்தவரை மண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும். பார்ப்பதற்கு வைத்திருக்கக் கூடாது.

உம்முடைய மகன் றஞ்சித் பற்றி ஒரு தகவலும் இல்லை. வீடு வீடாகப் போய் விசாரிப்பது எனக்கு வராது. ஆனால் போகிற இடமெல்லாம் பார்க்கிறேன்.

உமது சிநேகிதி,
எமிலியானா


கொய்யாத்தோட்டம், யாழ்ப்பாணம்
6 யூன் 2006

அன்பு எமிலி,

மருந்து விடுகிறேன். இடது கண் இனி வெளிச்சத்தை மட்டும்தான் காட்டும் என்கிறார் டொக்டர். அந்தப் பொன் சுவர்களை எனக்கும் சேர்த்துப் பாரும்.

இவர், றஞ்சித்தின் அப்பா, போய் இரண்டு வருடம். பெர்மெஸ்ஸோ, அந்த வதிவிட அனுமதி, கிடைக்கவில்லை, செத்தவீட்டுக்கு வர ஏலாது என்று றஞ்சித் அழுதான். அதன் பிறகு கடிதமும் இல்லை, குரலும் இல்லை. எல்லாரும் செய்வதுபோல செத்தவீட்டை வீடியோ எடுத்து, லீவு முடிந்து பலெர்மோவுக்குத் திரும்பிய செல்வராசாவின் கையில் கொடுத்துவிட்டேன். கொடுத்தேன் என்றார். பிள்ளை பார்த்தானோ தெரியாது. பார்க்காமல் இருந்தால் நல்லது என்றும் சில நாள் நினைக்கிறேன்.

ஒரு உதவி. அவனைக் கண்டால் ஒன்றும் கேட்க வேண்டாம். "அம்மா தேடுகிறா" என்று மட்டும் சொல்லும். மறைக்கல்வி வகுப்பில் நீர் அவனுக்குப் படிப்பித்தனீர். உம்மைக் கண்டால் இப்போதும் எழுந்து நிற்பான். எனக்கு அதுதான் பயம்.

மாக்கிரட்


பலெர்மோ
26 யூன் 2006

அன்புள்ள மாக்கிரட்,

உமது மகன் உயிரோடு இருக்கிறான். மற்றதை இனி ஆறுதலாக வாசியும்.

நேற்று ஜெனனியோடு செஃபலூவுக்குப் போனேன். ரயில் கடலை ஒட்டியே போகிறது. ஒரு பெரும் பாறை, அதன் அடியில் இரட்டைக் கோபுரத்தோடு பேராலயம். பூசை கண்டுவிட்டுக் கடற்கரைக்கு வந்தோம். அங்கே ஒரு நீள மர வாங்கில் நம்மவன் ஒருவன் இருந்து, ஒரு வெள்ளைக்கார முதியவருக்குக் கரண்டியால் ஐஸ்கிரீம் ஊட்டி, வாய் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். "ரீச்சர்" என்று எழுந்து நின்றான்.

"வேலை இதுதானோ?" என்றேன்.

"ஓம் ரீச்சர். இவரோடைதான் இருக்கிறன். குளிக்க வாக்கிறது, சாப்பாடு குடுக்கிறது, எல்லாம் நான்தான்."

"தகப்பனுக்குச் செய்யாததை ஊரானுக்குச் செய்யிறாய்."

அவன் தலை குனிந்தான். முதியவர் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாவுக்கு ஏன் எழுதேல்லை?"

"வீடியோ வந்து கிடக்கு ரீச்சர். அதைப் பாக்காமல் என்னெண்டு எழுதுறது? பாக்கவும் மனம் வருகுதில்லை."

"இண்டைக்கே போட்டுப் பார். முழுக்கப் பார். பிறகு எழுது."

"ஓம் ரீச்சர்."

நீர் சொன்னதைத் தாண்டிப் போனேன் என்று நினைப்பீர். யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும். திரும்பும்போது ஜெனனி ரயிலில் வேறு இருக்கையில் போய் இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, "அவ்வளவு நேரமும் அவனை நிக்கவச்சே கதைச்சனீங்கள் அம்மா. இரு எண்டு ஒரு சொல் சொல்லேல்லை" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதைகூடத் தண்டனையாகத் தெரிகிறது.

நன்றியை அவன் எழுதிய பிறகு சொல்லும்.

எமிலியானா


கொய்யாத்தோட்டம்
20 யூலை 2006

எமிலியானா,

றஞ்சித் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தான். "வீடியோ பாத்தன் அம்மா. நீங்கள் சொன்னதைக் கேட்டன். அப்பிடியே இருக்கட்டும். என்னைத் தேடாதேங்கோ." அவ்வளவுதான். நான் பெயர் சொல்லிக் கூப்பிட முன்னம் வைத்துவிட்டான். செல்வராசாவைக் கொண்டு விசாரித்தேன். வேலையை விட்டு வட இத்தாலியில் எங்கோ போய்விட்டானாம்.

சவப்பெட்டி மூடும்போது நான் என்ன சொல்லி அழுதேன்? "மகன் எண்டு ஒருத்தனை நான் பெறேல்லை. இனி அவன் இந்தப் படலையைத் திறக்கக் கூடாது." செத்தவீட்டில் வாய் தன்பாட்டில் சொல்லும். அடுத்த நாள் அதை எவரும் திருப்பிச் சொல்வதில்லை. கமரா மட்டும் வைத்திருந்தது. அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் பார்க்கக் கூடாது என்று இரண்டு வருடமாக மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன்.

அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நீங்கள். வீடியோவைப் பார் என்று அவனுக்குச் சொன்ன நேரம் அது உங்களுக்கு நினைவிருந்ததா?

மாக்கிரட் தவராசா


பலெர்மோ
18 செப்டெம்பர் 2006

அன்புள்ள மாக்கிரட்,

சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதை பூட்டிய பிறகு தபால் கப்பலில் வருகிறது என்கிறார்கள், வருவதில்லை என்றும் சொல்கிறார்கள். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை என்று கேள்விப்படுகிறேன். கண் மருந்து கிடைக்கிறதோ என்று யாரைக் கேட்பேன்? ஆகஸ்டில் நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அவை உமக்குக் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். உமது கேள்வியைத் தவிர மற்றதெல்லாம் அவற்றில் எழுதியிருந்தேன்.

நினைவிருந்தது. அவன் அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டால் ஓடி வந்து உமது காலில் விழுவான் என்று நினைத்தேன்.

நேற்று செஃபலூவுக்குப் போனேன். ஜெனனி ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் என்னை ரயிலேற்றிவிட்டாள், கூட வரவில்லை. பேராலயத்துக்குள் நான் போகவில்லை. அதே வாங்கில் முதியவர் இருந்தார். வேலைக்கு வந்த புதுப் பெண் ஒருத்தி சற்றுத் தள்ளி நின்று கைத்தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தன் பக்கத்தில் இருக்கும்படி கையால் தட்டிக் காட்டினார். இருந்தேன்.

றஞ்சித் எங்கே என்று கேட்டார். எனக்கு அவர்களுடைய பாஷை தெரியாது; ஆனால் பெயரைச் சொல்லி நான் வந்த பக்கத்தைப் பார்த்தால் வேறென்ன கேள்வி? நான் அழைத்து வந்திருப்பேன் என்று நினைத்திருக்கிறார். திரும்பத் திரும்பக் கேட்டார். ஐஸ்கிரீம் வாங்கிவந்து கரண்டியால் நீட்டினேன். அவர் வாய் திறக்கவில்லை. அது உருகி என் கையில் வழியும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

இனி ஒவ்வொரு வியாழனும் அங்கே போய் இருப்பேன். என்றாவது இந்த மனிதரைப் பார்க்கவாவது அவன் வருவான். வந்தால் ஒன்றும் கேட்க மாட்டேன். முதலில் இரு என்பேன். பிறகு, நீர் சொல்லச் சொன்னதை மட்டும் சொல்வேன்.

எமிலி