லாரிக்குப் போட்ட மருந்து

அத்தான்,

இன்று காலை மில்லர்புரம் முனையில் பேரனுடைய ஸ்கூட்டரைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தோம். பிரேக் பிடித்தால் பூனை மிதிபட்ட மாதிரி கத்தியது. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, ட்ரம்முக்குள் இருந்த தூசியைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்தான். பிறகு குச்சி நுனியில் கிரீஸ் எடுத்து, பிரேக் கட்டையைத் தாங்குகிற இரும்பு முனைகளில் மட்டும் பொட்டு வைப்பது போல வைத்தான்.

“எல்லா இடத்துலயும் பூசினா என்னப்பா?” என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

“ஐயையோ ஆச்சி! கட்டையில ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் புடிக்காது. ஆளைக் கொன்னுரும்.”

யாரோ ஒருவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். நீங்கள் சாகிறவரை சொல்லவில்லை. நாலாம் வகுப்போடு நின்றவள் நான், என் எழுத்து கோணலாக இருக்கும். ஞாபகம் கோணாது.

அந்தக் காலத்தில் உங்கள் லாரியும் அப்படித்தான் கத்தும். ஓட்டியவர் உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர். வேம்பார் உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு உப்பு ஏற்றி வருவார். உப்புக் காற்றில் ட்ரம் துருவேறிப் போயிருந்தது. “கழத்தித் தொடைக்கணும் அண்ணே, ரெண்டு நாள் வண்டியை நிறுத்துங்க” என்று எத்தனை தடவை கேட்டிருப்பார்! உங்கள் காதில் ஏறவில்லை. மாதா கோயில் சப்பரம் போகும்போது லாரி ஊளையிட, “அண்ணாச்சி, உம்ம லாரிக்கு வயித்து நோவா?” என்று திரேஸ்புரத்து ஆட்கள் சிரித்தார்களே, அதுதான் உங்களுக்குச் சுட்டது.

நீங்கள் வள்ளம் வைத்திருந்தவர். வள்ளத்துப் பலகை காய்ந்தாலும் மீன் எண்ணெய், கதவு கிரீச்சிட்டாலும் மீன் எண்ணெய். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வாசலுக்கு வந்தபோது லாரி பக்கத்தில் முழங்கைவரை எண்ணெயோடு நின்றீர்கள்.

“ஏளா, லாரிக்கு மருந்து போட்டுட்டேன். நாலு சக்கரத்துக்கும். இனி அழாது.”

“என்ன மருந்து அத்தான்?”

“வள்ளத்துக்கு ஆகுறது லாரிக்கு ஆகாதா?”

ட்ரம்மைக் கழற்றக்கூட இல்லை, பின்னால் இருந்த ஓட்டை வழியாக ஊற்றியிருந்தீர்கள். எனக்கு அதில் என்ன தெரியும்? நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் விடிய வண்டியை எடுத்த உங்கள் தம்பி, தெருமுனையில் பிரேக் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். “சத்தமே இல்லையே ஏளா!”

“அத்தான் மருந்து போட்டாவளாம்.”

“அண்ணன் கடைசியில கழத்தித் தொடச்சிட்டாவளா!” முகமெல்லாம் சிரிப்பு. தான் கேட்டதை அண்ணன் செய்துவிட்டார் என்று நம்பிக்கொண்டு போனார். மீன் எண்ணெய் என்ற ஒரு வார்த்தையை நான் சொல்லியிருந்தால் வண்டியை நிறுத்தியிருப்பார். அதற்காக என்னையும் நான் மன்னிக்கவில்லை.

போகும்போது காலி லாரி, எப்படியோ பிடித்தது. உப்பு ஏற்றித் திரும்பும்போது மிதிக்க மிதிக்கச் சூடேறி, எண்ணெய் கட்டை முழுக்கப் பரவிவிட்டது. முன்னால் பஸ் நின்று ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் ஏற்றாமல் பனையில் கொண்டு மோதினார். ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “மிதிச்சேன் ஏளா... புடிக்கல.”

அவரைக் கிடத்தியிருந்த துஷ்டி வீட்டில் ஊரே கூடியிருக்க, நீங்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: “குடிச்சிருந்தான். என்ன செய்ய, தம்பியாப் போயிட்டான்.”

கள்ளுக்கடை இருக்கிற தெருவில்கூட நடக்காத மனுஷன்! நான் எழுந்து நின்று மீன் எண்ணெய் என்று கத்தினேன். “புருசன் போன வெறியில ஒளறுதா, உள்ள கூட்டிட்டுப் போங்க” என்றீர்கள். லாரியை இழுத்து வந்ததும் நீங்களே மண்ணெண்ணெய் விட்டுச் சக்கரத்தைக் கழுவினீர்கள். உடைந்து சுவரோரம் கிடந்த ஒரு பிரேக் கட்டைத் துண்டை மட்டும் கவனிக்கவில்லை. எடுத்து மோந்து பார்த்தேன். முந்தானையில் முடிந்துகொண்டேன்.

என் மகளைப் பள்ளிக்கூடத்தில் ‘குடிகாரன் மகள்’ என்றார்கள். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தம் அந்தப் பேச்சாலேயே நின்றுபோனது. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கட்டையை உங்கள் சோற்றுத் தட்டுக்கு எதிரே வைத்தேன். பாதிச் சோற்றில் கை கழுவினீர்களே தவிர, வாய் திறக்கவில்லை. ‘தம்பி குடிக்கலை, தப்பு என் மேல’ என்று ஊர் கேட்க ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். வேறு எதையும் நான் கேட்டதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் சாமியார் வந்து, சாகக் கிடந்த உங்களுக்கு அவஸ்தை பூசினார். நெற்றியில் எண்ணெய் வைக்கும்போது நான் கட்டையோடு கதவருகே நின்றேன். பார்த்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருப்பீர்கள், ஆண்டவரும் மன்னித்திருப்பார். அது அவர் பாடு.

“அதைக் கடல்ல போட்டுருங்க சித்தி, அப்பாதான் போயாச்சே” என்கிறான் உங்கள் மகன். போடமாட்டேன். நான் செத்துப் பெட்டியில் வைத்து என் கையில் செபமாலையைச் சுற்றும்போது இந்தக் கட்டையையும் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நாற்றம் இன்னும் போகவில்லை.

அங்கே வந்து உங்களைத் தேடிப் பிடிப்பேன். பக்கத்தில் உங்கள் தம்பியை நிறுத்துவேன். என்ன மருந்து என்று அன்றைக்கு நான் கேட்டதற்கு, அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள் அத்தான்.