புது ஸ்டெல்லா சிஸ்டர்

வீரபாண்டி, திருப்பூர்
10-7-2006

மரியாதைக்குரிய சாருமதி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். டிவிக்காரர்களிடமும் வேண்டாம். அப்பாவுக்குத் தெரிந்தால் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி என்னைக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார். அவருக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். வீட்டில் இன்னொருவர் தூங்குகிறார். நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

'பதினோராம் வார்டு' தொடரை விட்டு நீங்கள் ஏன் போனீர்கள்? எட்டு வருடமாக ஞாயிறு ராத்திரி நீங்கள்தானே ஸ்டெல்லா சிஸ்டர்? நேற்று பார்த்தால் அதே ஆஸ்பத்திரி, அதே பெயர்கள், ஆட்கள் மட்டும் எல்லாரும் புதுசு. யாரோ ஒரு பெண் உங்கள் தொப்பியை வைத்துக்கொண்டு, "வலிக்காது ராசா, நீ கத்துறது மட்டும் பக்கத்து வார்டுக்குக் கேக்கணும்" என்று உங்கள் வசனத்தைச் சொல்கிறாள்.

எங்கள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். எவ்வளவு களைப்பாக வந்தாலும் அந்த ஒரு வசனத்துக்குச் சிரித்துவிடுவார். போன புரட்டாசியில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்தபோதுகூட என்னைப் பார்த்து அதைத்தான் மெதுவாகச் சொன்னார்.

வைகாசியில் அப்பா ஊருக்குப் போய் இன்னொருவரைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தார். அம்மா உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, அம்மாவின் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, நேற்று அந்தப் புது ஸ்டெல்லாவைப் பார்த்து, வந்தவர் சிரித்தார். டிவியை உடைத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

நீங்கள் திரும்பி வாருங்கள். இல்லையென்றால் நான் மெட்ராஸுக்கு உங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறேன். பாத்திரம் எல்லாம் கழுவுவேன். பதிலை என் வகுப்பு மோனிஷா வீட்டு முகவரிக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
த. நாகஜோதி


வடபழனி, சென்னை
19-7-2006

அன்புள்ள நாகஜோதிக்கு,

யாருக்கும் காட்டவில்லை. ஆட்டோவில் பிரித்துப் படித்தேன். டிரைவர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார், உடனே மடித்துவிட்டேன்.

நானாக விட்டுப் போகவில்லை, கண்ணம்மா. சேனலுக்கு இளசான முகங்கள் வேண்டுமாம். டாக்டராக நடித்தவர், "எட்டு வருஷமா ஒரு பேஷண்டுக்கும் குணமாகலையே, நம்மள மாத்துறது நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

ஆனாலும் அந்தப் புதுப் பெண்ணுக்கு ஊசி பிடிக்கச் சொல்லித் தருவது நான்தான். டைரக்டர் கேட்டார், மறுக்க மனம் வரவில்லை. அவளுக்கு வருகிற கடிதம் எல்லாம் திட்டு. மேக்கப் ரூமில் உட்கார்ந்து அழுகிறாள். அவளாகவா வந்தாள்? கூப்பிட்டார்கள், வந்தாள்.

இன்னொன்றும் சொல்கிறேன். முதல் ஸ்டெல்லா நானும் இல்லை. ஆரம்பத்தில் சில வாரம் வேறொருவர் நடித்தார். கல்யாணமாகித் துபாய் போய்விட்டார். அப்போது இதே திட்டு எனக்கும் விழுந்தது.

மெட்ராஸ் எல்லாம் வரக்கூடாது. ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போ. இது சிஸ்டர் உத்தரவு.

கடிதம் முழுக்கத் தேடியும், அப்பா கூட்டி வந்தவரை நீ என்ன சொல்லிக் கூப்பிடுகிறாய் என்று காணோம். அவர் எப்படிச் சிரிப்பார்? அதையாவது எழுது.

அன்புடன்,
சாருமதி


வீரபாண்டி
7-8-2006

அன்புள்ள சாருமதி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் மோனிஷாவின் அம்மா கையில் கிடைத்துவிட்டது. "ஏங்கண்ணு, மெட்ராஸ்ல உனக்கு ஆரு இருக்கறாங்க?" என்று கேட்டார். "ஒரு சிஸ்டருங்க" என்றேன். "ஒடம்புக்கு என்ன கண்ணு?" என்று என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். நல்லவேளை, பிரிக்கவில்லை.

சித்தி என்று கூப்பிடத்தான் அப்பா சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். முன்பல் ஒன்று உடைந்திருக்கிறது.

அவர் அடுத்த சந்தில் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் தைக்கிறார். ஷிப்மென்ட் என்று நேற்று ஞாயிறும் வேலை. அப்பா சொன்னதால் சோறு கொண்டுபோனேன். அப்போது அவர் மெஷினில் கோன் நூல் தீர்ந்திருந்தது. அவர் பழைய நூலை உருவிப் போடவில்லை. தொங்கிய நுனியில் புது நூலை முடிச்சுப் போட்டு மெதுவாக இழுத்தார். ஒவ்வொரு வளையமாக நுழைந்து புது நூல் ஊசி வரைக்கும் வந்துவிட்டது.

"பழசை ஏன் உருவிப் போடல?" என்று கேட்டுவிட்டேன். நானாக அவரிடம் பேசியது அதுதான் முதல்.

அவர் மெஷினையே நிறுத்திவிட்டார். "பழைய நூலுக்குத்தான் தாயி வழி தெரியும். அது முன்னால போனா புதுசு பின்னாலேயே வந்துரும். அத்து எறிஞ்சுட்டா ஒவ்வொரு ஓட்டையா கோத்துக் கோத்துக் கண்ணு பூத்துப் போகும்."

"பேச்சி, குடும்பக் கதையெல்லாம் ஊட்ல வெச்சுக்கம்மா. கண்டெய்னர் நிக்குது!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"ரெண்டு மாசமா வீட்டுல பேசாத கதைண்ணே. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்றார் அவர்.

வீடு வரும்வரை உங்கள் நினைப்புதான். உங்கள் டைரக்டர் நூலை அறுத்துவிட்டார். அதனால்தான் எல்லாரும் அந்த அக்காவைத் திட்டுகிறார்கள். ஒரே ஒரு வாரம் நீங்கள் வந்து, அவர் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாதா? கேட்டுப் பாருங்கள். என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நாகஜோதி


வடபழனி
11-9-2006

அன்புக் கண்ணம்மாவுக்கு,

இந்தத் தடவை நீ யாரிடமும் காட்டக் கூடாது. ஞாயிறு வரை ரகசியம்.

டைரக்டரிடம் சொன்னேன். "நூலா?" என்று சிரித்தார். மறுநாள் அவரே போன் செய்தார். "ஊசியை அவ கையில கொடுக்கறதவிட, அவ அதை உங்களுக்கே போட்டா எப்படி இருக்கும்?"

எடுத்துவிட்டோம். ரிட்டயர் ஆன ஸ்டெல்லா சிஸ்டர் வயிற்றுவலி என்று அதே வார்டில் வந்து படுக்கிறாள். புது ஸ்டெல்லா ஊசியோடு வந்து, என் வசனத்தை என்னிடமே சொல்கிறாள். நான் போட்ட கத்தலில் லைட் பிடிக்கிறவர் பயந்து ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். கடைசியில் அவள் தொப்பி சாய்ந்திருந்தது. எழுந்து சரி செய்தேன். அது வசனப் பேப்பரில் இல்லை. இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. கட் சொல்ல டைரக்டருக்கு மறந்துபோனது.

வருகிற ஞாயிறு வரும். நான் தனியாகத்தான் பார்ப்பேன். நீ யாரோடு பார்ப்பாய்?

அன்புடன்,
சாருமதி


வீரபாண்டி
17-9-2006, ஞாயிறு ராத்திரி

அன்புள்ள சாருமதி அம்மாவுக்கு,

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்துவிடும். அப்பா ஷிஃப்டுக்குப் போய்விட்டார். டிவியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

காலையில் அப்பா கூட்டி வந்தவர் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் போய் நின்றேன். "ராத்திரி நாடகத்துக்கு வந்துருவீங்களா?" என்று கேட்டேன். செருப்பை மாட்டாமல் என்னையே பார்த்தார். "விடிய விடிய ஷிப்மென்ட் தாயி, விட மாட்டாங்க. நீ பாத்துட்டு எனக்குக் கதை சொல்லு" என்றார். சரி என்று தலையாட்டினேன். அப்புறம் பகலெல்லாம் எதுவும் ஓடவில்லை.

வர மாட்டார் என்று தெரியும். இருந்தும் அம்மாவின் தட்டில் அவருக்குச் சோறு போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இன்று வந்துவிட்டுப் போனால் நீங்கள் நிஜமாகவே போய்விடுவீர்கள், இல்லையா? பரவாயில்லை. அந்த அக்காவை இனிமேல் நான் திட்ட மாட்டேன். அவர் தொப்பியை நீங்கள்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாவாக இருந்தால் இதை எங்கே ஒளிப்பேன்?

இல்லை, அப்பா இல்லை. "கதவத் திற தாயி! வயித்துவலின்னு பொய் சொல்லிட்டு ஓடியாந்தேன். ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்கிறது.

சித்தி வந்துவிட்