எனக்காக நீ கொடுத்த சம்மதம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா சுகமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி இருக்கிறது. நீயும் மருமகளும் பாப்பாவும் நலம் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் கைபேசியைத் தொலைத்துவிட்டேன், எனக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று உன் அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறாள், அது தவறு. கைபேசி தையல் பெட்டியில் இருக்கிறது, நான்தான் அணைத்து வைத்தேன். நான் முதியோர் இல்லத்துக்குப் போக ஆசைப்படுவதாகவும் அதைச் சொல்ல வெட்கப்படுவதாகவும் நீங்கள் இருவரும் பேசிக்கொள்கிறீர்கள், அதுவும் தவறு. நான் எதையாவது சொல்ல வெட்கப்பட்டு நீ பார்த்திருக்கிறாயா.

போன வாரம் உன் அக்கா ஒரு பெண்ணை அழைத்து வந்தாள், வீடு விற்றுக்கொடுக்கும் தொழிலாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கூடத்தை நாடாவால் அளக்க ஆரம்பித்தாள். அப்பாவின் நாற்காலி இடித்ததும் அதை நகர்த்தச் சொன்னாள், நான் நகர்த்தவில்லை, அவள் நாடாவை வளைத்து அளந்தாள், ஆகவே எழுதிக்கொண்டு போன அளவு தப்பு. உன் அக்காவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு என்ன இதெல்லாம் என்று கேட்டேன். நீ வாயத் தொறந்து சொல்லமாட்டேன்னு எங்களுக்குத் தெரியாதாம்மா, தம்பிக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு, முதியோர் இல்லத்துல ஜன்னல் பக்கத்து ரூமாப் பாத்து சொல்லி வெச்சிருக்கான், அடுத்த மாசம் காலியாகுதாம் என்றாள். யார் சொல்லித் தெரிந்தது என்றேன். போன்ல வந்துச்சு என்றாள். உன் போனுக்கு வந்து நீ அவளுக்கு அனுப்பியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். உங்கள் குடும்பத்தில் ஒருவர் முதியோர் இல்லம் பற்றி யோசிக்கிறார், அருகில் உள்ள இல்லங்களைப் பாருங்கள் என்று இருந்தது. எழுத்துப் பிழை எதுவும் இல்லை, மற்றதெல்லாம் பிழை.

மாலையில் நான் போனில் பேசுவது என் சிநேகிதி குண்டூசியோடு. கான்வென்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், சின்ன வயதில் உனக்குக் கணக்குச் சொல்லித்தந்து அழவைத்தவள். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து, நீ அறை சொல்லி வைத்திருக்கும் அந்த இல்லத்தில்தான் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, அதனால் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்தை நான் படிக்க அவள் விடை சொல்வாள், பெரும்பாலும் தப்பாக, அதை நான் ஒத்துக்கொள்ளாததால் பேச்சு நீளும். வியாழக்கிழமைகளில் நேரில் போய்ச் சண்டை போடுவேன். நான் எந்த எண்ணுக்குப் போன் செய்கிறேன், எவ்வளவு நேரம் பேசுகிறேன், வியாழக்கிழமை எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதெல்லாம் நம் போன் கம்பெனிக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. இப்போது, நீங்கள் எல்லோரும் எதற்கெடுத்தாலும் தேடிப் பார்க்கிறீர்களே, அந்தப் பெரிய கம்பெனி இதில் பங்கு வாங்கியிருக்கிறது. வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா, விவரத்தைக் கேட்டிருக்கிறார்கள், இவர்கள் கொடுத்திருக்கிறார்கள், அதைக் கொண்டுதான் உனக்கு அந்த அறிவிப்பு. உன்னோடு நான் பேசும் நேரமும் அதில் இருக்கும். அது சின்னது. அதை வைத்தும் ஏதாவது முடிவுக்கு வந்திருப்பார்கள்.

அந்தப் பெண் அளந்துவிட்டுப் போன மறுநாளே போன் கடைக்குப் போய், இதற்கு நான் எப்போது சம்மதித்தேன் என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு, நீங்க இல்லம்மா, நம்பர் உங்க பையன் பேர்ல இருக்கு, புது விதிமுறை அனுப்பினோம், அவர் அன்னைக்கே ஓகே குடுத்துட்டார் என்றாள். படித்துவிட்டா கொடுத்தான் என்றேன். யாரும்மா இதையெல்லாம் படிக்கிறாங்க, நானே படிச்சதில்ல என்றாள். அச்செடுத்துத் தரச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்து முழுவதும் படித்தேன், எனக்குப் பின்னால் வரிசை நின்றது, நிற்கட்டும். பங்குதாரர்களுடன் பகிரப்படும் என்று தெளிவாகவே போட்டிருக்கிறது, யாரும் ஒளிக்கவில்லை. இணைப்பை நிறுத்தச் சொன்னேன். அதுக்கும் உங்க பையன்தான் சொல்லணும் என்றாள்.

கான்வென்டில் நாங்கள் வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் தலைமை சிஸ்டர் படிப்பார். எங்கள் எதிரே உட்கார்ந்து படிப்பார், ஆகையால் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றே எல்லோரும் எழுதினோம். குண்டூசி மட்டும் உண்மையை எழுதி முட்டி போட்டாள். ஆனால் சிஸ்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், சந்தேகம் வந்தால் எழுதியவளையே கூப்பிட்டு என்னவென்று கேட்பார். நீ கேட்கவில்லை.

கைபேசியை அணைத்த பிறகும் குண்டூசி மாலையில் அந்த இல்லத்துப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம், நான் போய்ச் சேர்ந்துவிட்டேனா என்று நர்ஸிடம் விசாரித்திருக்கிறாள். வியாழக்கிழமை போனபோது நர்ஸ் சொன்னாள். அதிலிருந்து தினமும் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வருகிறேன். இதுதான் முழங்காலின் கதை.

பாப்பாவுக்குக் காதுவலி வந்தால் எண்ணெய் ஊற்றாதே, டாக்டரிடம் காட்டு. கடவுள் உங்கள் மூவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். நீ கெட்டவன் இல்லை, அவசரக்காரன், அது அப்பாவிடமிருந்து வந்தது. ஜன்னல் அறை வேண்டாம் என்று இல்லத்துக்குச் சொல்லிவிடு, வீட்டை அளக்க இனி யாரையும் கூட்டிவர வேண்டாம் என்று அக்காவுக்குச் சொல், இந்த எண்ணை என் பெயருக்கு மாற்றிக் கொடு. அதன் பிறகு எதற்குச் சம்மதிப்பது என்று நானே படித்துப் பார்த்துக்கொள்கிறேன். இவற்றைச் செய்தாயா இல்லையா என்பதைப் போனில் சொல்லாதே. தாளில் உன் கையால் எழுதி, உறையை ஒட்டி அனுப்பு.

இப்படிக்கு,
இந்த வீட்டில்தான் இருக்கும்
அம்மா