நயீம் சாயபுவின் கீபோர்டுகள்

12 ஜூன் 2008, வியாழன்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. சர்வீஸுக்கு வந்த மானிட்டர்கள் அப்படியே கிடக்கின்றன. கடையைப் பூட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாணியம்பாடியிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் இம்தியாஸ். தோல் வியாபாரக் குடும்பம். அவருடைய அப்பா நயீம் அகமது ஜனவரியில் இறந்துவிட்டார். ஒரு அறை நிறைய கீபோர்டுகள் விட்டுப் போயிருக்கிறாராம்.

கம்ப்யூட்டர்களா என்று கேட்டேன். இல்லையாம், வெறும் கீபோர்டுகள். தோல் கண்காட்சிக்கு ஜெர்மனி, இத்தாலி என்று போகும்போதெல்லாம் மற்றவர்கள் சென்ட் பாட்டில் வாங்கிவர, இவர் ஒரு பழைய கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வருவாராம். ஏர்போர்ட்டில் அதைத் திறந்து காட்டச் சொல்வார்களாம். அதைச் சொல்லும்போது மகனுக்குச் சிரிப்பா வருத்தமா என்று தெரியவில்லை.

என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் காயலாங்கடையில் எடுத்த ஒரு பழைய ஐ.பி.எம். கீபோர்டை இன்டர்நெட் வழியாக பின்லாந்துக்காரர் ஒருவருக்கு விற்றேன். அந்தக் கதை ஆம்பூர் தாண்டிப் போயிருக்கிறது. அவர் அனுப்பிய நீளநீளமான மெயில்களைப் படித்துத்தான் எதற்கு மதிப்பு, எதற்கு இல்லை என்று கற்றுக்கொண்டேன். இதற்காக உயிரை விடுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அந்த அறையை இடித்து சாம்பிள் ரூமாக்கப் போகிறார் இம்தியாஸ். அதற்கு முன் எல்லாவற்றுக்கும் ஒரு மதிப்புப் போட்டுத் தர வேண்டும். சரி என்றேன். புது வேலை ஒன்று வந்தால் நல்லதுதானே. நாள் நகரும்.

13 ஜூன், வெள்ளி

என் வீட்டுக்காரர் ஜோஸ் வழக்கமான வெள்ளிக்கிழமை ஃபோனில் மஸ்கட்டிலிருந்து பேசினார். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். "பாக்கலாம் கெசி" என்றார்.

19 ஜூன், வியாழன்

வாணியம்பாடி போய்வந்தேன். பஸ்ஸில் ஆம்பூர் தாண்டும்போதே தோல் வாடை. இன்னும் முந்தானையில் இருக்கிறது.

பெரிய வீடு. கீபோர்டு அறை சமையல் அறையை ஒட்டி இருக்கிறது, நடுவில் ஒரு சுவர்தான். உள்ளே போனதும் நின்றுவிட்டேன். மூன்று பக்கமும் பலகை அடித்து, ஒன்றுமேல் ஒன்று படாமல் வரிசையாக வைத்திருக்கிறார். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் துணி. தொழுகைக்கு விரித்த மாதிரி சுத்தம்.

இறந்தவருடைய மனைவி முனவ்வர் பேகம் அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் இறந்தபின் தனித்திருக்கும் இத்தா முடிந்து இப்போதுதான் எல்லோரோடும் பேசுகிறாராம். உள்ளே வரவில்லை. வரச் சொன்னேன். "அவரு இருக்கும்போதே வந்ததில்ல" என்றார்.

ஒவ்வொன்றாகத் திருப்பி, முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் வருடம் பார்த்தேன். எடை பார்த்தேன். கீயை அழுத்தி அடியில் ஸ்ப்ரிங்கா ரப்பரா என்று காதால் கேட்டேன். ஸ்ப்ரிங் என்றால் டக் என்று தெளிவாக விழும். ரப்பர் என்றால் சத்தமே செத்திருக்கும். ஒரு ஜெர்மன் கீபோர்டில் ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட். ஒன்றில் ஜப்பான் எழுத்து. மூலையில் ஒன்று இருந்தது, முழுக்க இரும்பு அடிப்பாகம், இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. அது ஒன்று மட்டுமே என் கடையின் ஒரு வருட வாடகைக்கு மேல் போகும்.

இதையெல்லாம் வாங்கியவரோடு ஒரு மணி நேரம் பேசியிருக்கலாமே என்று தோன்றியது.

20 ஜூன், வெள்ளி

ஜோஸிடமிருந்து ஃபோன் வரவில்லை. ஓவர்டைமாக இருக்கும்.

கட்டிலில் அவர் பக்கம் காலியாக இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், இப்போதெல்லாம் நான் அவர் பக்கமே படுத்துக்கொள்கிறேன். இப்போது என் பக்கம் காலி.

26 ஜூன், வியாழன்

இரண்டாம் முறை வாணியம்பாடி. இம்தியாஸ் ஆபீஸுக்குப் போயிருந்தார். பேகம் அம்மா இன்று உள்ளே வந்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நயீம் சாயபு சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து வந்தால் நேராக இந்த அறைதானாம். கம்பெனிக் கடிதம் எல்லாம் அவரே அடிப்பார். கடிதம் முடிந்த பிறகும் அடித்துக்கொண்டிருப்பார். இன்னது என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "சும்மா" என்பாராம். அவர் பெரிய பேச்சுக்காரர் இல்லை. சண்டையும் போட்டதில்லை.

ஒரு கீபோர்டில் சில எழுத்துகள் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுவதைக் குறித்துக்கொண்டேன். தேய்மானம் இருந்தால் மதிப்புக் குறையும். அவை ஏன் மின்னுகின்றன என்று பேகம் அம்மா கேட்டார். அதிகமாக அடித்த எழுத்து என்றேன். முகம் மாறிவிட்டது. கிட்டே வந்து குனிந்தார்.

"அப்போ அவர் இன்னா எழுதினார்னு இதப் பாத்தே சொல்லலாமா?"

எப்படிச் சொல்வது? இ, ஏ, கீழே உள்ள நீளப் பட்டை. இங்கிலீஷில் யார் எதை அடித்தாலும் தேய்வது அவைதான். அதைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தார்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். குரலைத் தாழ்த்தி, "கம்மியா போட்டுடு பேட்டா" என்றார். "ஒண்ணும் தேறாதுன்னு எழுதிக் குடு. அவன் விட்ருவான்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பி வந்துவிட்டேன்.

28 ஜூன், சனி

கம்மியாகப் போட்டால் இம்தியாஸ் காயலாங்கடைக்குப் போடுவார். ஜாஸ்தியாகப் போட்டால் விற்பார். நான் எந்த எண்ணை எழுதினாலும் அந்த அறை காலியாகும். ஒரு பொருளை இருந்த இடத்திலேயே இருக்கவைக்க ஒரு விலை உண்டா? இல்லை. பேகம் அம்மாவுக்கு இதை யார் சொல்வது. நான்தான்.

2 ஜூலை, புதன்

ஒரு வழி தோன்றியது. மதிப்பெல்லாம் சரியாக எழுதி, கடைசியில் ஒரு வரி: ‘ஐந்து வருடம் காத்திருந்தால் விலை இன்னும் ஏறும்.’ பணம் வரும் என்றால் இம்தியாஸ் பொறுப்பார். அறையும் தப்பும்.

ஏறுமா? பின்லாந்துக்காரருக்கு மெயில் போட்டுக் கேட்டேன். ஏறலாம், இறங்கலாம், இந்த ஆசை எல்லோருக்கும் விட்டுப்போகவும் செய்யலாம், யாருக்கும் தெரியாது என்று பதில்.

டைப் செய்து வைத்திருக்கிறேன். நாளை முடிவு செய்யலாம்.

3 ஜூலை, வியாழன்

அந்த வரியை எடுத்துவிட்டேன். காத்திருந்தால் மதிப்புக் கூடும் என்று எனக்கு யார் சொன்னது? அது மதிப்பீடே இல்லை, என் ஆசை. நாலு வருஷமா அதையேதான எனக்கும் சொல்லிக்கினு இருக்கேன். இன்னும் கொஞ்ச நாள், வீடு கட்டற காசு வந்துடும், வந்துடுவாரு, வந்தா எல்லாம் சரியாய்டும் — எங்க ஏறுது? போன லீவுல வந்தப்போ மூணாம் நாளே பேச ஒண்ணுமில்லாம டி.வி. பாத்துட்டு உக்காந்திருந்தோமே. அதுக்குப் பேரு இன்னா?

போதும். தூங்கு.

4 ஜூலை, வெள்ளி

ஜோஸ் பேசினார். பேசும்போதே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்போது என்று கேட்டேன். கிறிஸ்மஸுக்குப் பார்க்கலாம் என்றார். போன கிறிஸ்மஸுக்கும் அதைத்தான் சொன்னார் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

10 ஜூலை, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

மதிப்பீட்டை இம்தியாஸிடம் கொடுப்பதற்கு முன் பேகம் அம்மாவிடம் பேசினேன். என்ன எழுதினாலும் இவை போய்விடும் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பலகைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, இதில் அவர் தினமும் சாயங்காலம் அடித்தது எது, அதை மட்டும் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். கணவர் இருந்தவரை அறைக்குள் அவர் வந்ததே இல்லை. ஆனால் சத்தம் மட்டும் அத்தனை வருடம் கேட்டிருக்கிறார், சமையல் அறையிலிருந்து.

"இங்க நின்னு கேட்டா தெரியாது. அங்க நின்னாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நான் நயீம் சாயபுவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் கீபோர்டை எடுத்து அடித்தேன். சும்மா தட்டினால் சரியாக வராது என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கடிதம் அடிக்கிற மாதிரி அடிக்க வேண்டுமாம், நிறுத்தி நிறுத்தி, யோசித்து.

என்ன அடிப்பது?

Dear Jose என்று ஆரம்பித்தேன். எந்த கம்ப்யூட்டரோடும் சேர்க்காத கீபோர்டு. அடிப்பது எங்கும் போகாது, எங்கும் நிற்காது. அதனால்தானோ என்னவோ, கை நிற்கவே இல்லை. ராத்திரி கரண்ட் போனால் இப்போதும் மெழுகுவர்த்தியை நீங்கள் எடுப்பீர்கள் என்று ஒரு நொடி சும்மா இருந்துவிடுகிறேன் என்று அடித்தேன். உங்கள் குரல் மறக்கவில்லை, ஆனால் நீங்கள் அறைக்குள் நடந்துவரும் விதம் மறந்துகொண்டிருக்கிறது என்று அடித்தேன். வீடு வேண்டாம் என்று அடித்தேன். நாம் சேர்ந்து ஆரம்பித்த கடை, நீங்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது என்று அடித்தேன்.

"இது இல்ல" என்று குரல் வரும். அடுத்ததை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். இரும்புக் கீபோர்டுக்கும் இது இல்ல. ஜெர்மன்காரனுக்கும் இது இல்ல.

பிறகு ஒன்று. பழுப்பேறியது, எஃப் வரிசையில் ஒரு கீ இல்லை, மதிப்பு நடுத்தரம்தான். நெடுநேரம் அடித்தேன். சுவருக்கு அப்பால் சத்தம் இல்லை. அவர் சொல்லட்டும் என்று நிறுத்தினேன். அப்போதும் இல்லை. பயந்துபோய் எழுந்து சமையல் அறைக்குப் போனேன்.

பேகம் அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார். டீ போட்டு, கப்பில் ஊற்றி, சாஸரில் வைத்து, அறைப் பக்கம் திரும்பிக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும்தான் அவருக்கே தெரிந்தது.

"சத்தம் நின்னா டீ கேப்பாரு" என்றார்.

அந்த டீயை நான் குடித்தேன். வேறென்ன செய்வது. சர்க்கரையே போடவில்லை. நயீம் சாயபுவுக்குச் சர்க்கரை வியாதியாம்.

அந்த ஒன்றை மட்டும் தனியாக எடுத்துவைக்கட்டுமா என்று கேட்டேன். இம்தியாஸும் அதற்குள் வந்துவிட்டார். அவரும் வைத்துக்கொள்ளுங்கள் அம்மி என்றார். பேகம் அம்மா அந்தக் கீபோர்டை மடியில் வைத்துத் துணியால் துடைத்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இதயும் சேத்துக் குடுத்துடு. இது இருந்தா நான் டீ போட்டுட்டே இருப்பேன்."

இம்தியாஸ் ஏதோ உருதுவில் சொன்னார். பேகம் அம்மாவும் பதில் சொன்னார், சத்தம் போடாமல். எனக்குப் புரிந்தவரை, பொருள் தன்னுடையது, தான் சொல்வதுதான் முடிவு என்றார். பிரித்து விற்கக் கூடாது, எல்லாம் ஒரே ஆளிடம் போக வேண்டும் என்றார்.

11 ஜூலை, வெள்ளி

அறைக்குள் அடித்ததை ஜோஸிடம் ஃபோனில் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார். காண்ட்ராக்டை இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டாராம். கையெழுத்து போன வாரமே போட்டாயிற்றாம். "உனக்கு சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன், வீட்ட முடிச்சுடலாம்" என்றார்.

அப்படியா என்றேன். வேறு ஒரு வார்த்தை வரவில்லை. அவ்வளவு அடித்தேனே.

அப்போ கிறிஸ்மஸுக்கு வர்றீங்களா என்று கேட்டேன். பாக்கலாம் கெசி.

25 ஜூலை, வெள்ளி

பின்லாந்துக்காரர் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டார். பழுப்பேறியதில் இல்லாத கீயை மாற்றிப் போடட்டுமா என்று கேட்டிருந்தேன். வேண்டாம், அப்படியே அனுப்புங்கள் என்கிறார்.

8 ஆகஸ்ட், வெள்ளி

வாணியம்பாடியில் பாக்கிங். தோல் அனுப்பும் பெட்டிகளையே இம்தியாஸ் ஏற்பாடு செய்திருந்தார். வெள்ளைத் துணிகளை எல்லாம் மடித்து ஒன்றுவிடாமல் பேகம் அம்மாவே சுற்றிக் கொடுத்தார். லாரி சென்னைக்குக் கிளம்பியபோது அவர் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் காலி அறையில், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "காத்து நல்லா வருது இங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது ஜோஸ் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். சத்தத்தில் கேட்கவில்லை.

3 அக்டோபர், வெள்ளி

நேற்று ரம்ஜான். பேகம் அம்மா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. சாம்பிள் ரூம் ஆகவில்லையாம். ஏற்றுமதி படுத்துவிட்டது, இடிக்கிற வேலையை இம்தியாஸ் தள்ளிப்போட்டுவிட்டார். அம்மா அந்த அறையில்தான் இப்போது படுக்கிறாராம்.

25 டிசம்பர், வியாழன்

ஜோஸ் வரவில்லை. சர்ச்சில் கூட்டம். நல்ல குளிர்.

23 ஜனவரி 2009, வெள்ளி

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்று ஆபீஸ் முழுவதையும் புதுசாக்குகிறது. பழைய சாமான் எல்லாவற்றுக்கும் நான்தான் மதிப்புப் போட வேண்டும். பகல் முழுக்க அங்கே. தூசியில் தும்மல்.

சாயங்காலம் கடையில் இருக்கும்போது ஜோஸ் பேசினார். கம்பெனி கதையைச் சொன்னேன். கோடவுனில் கட்டிவைத்த கீபோர்டுகளில் ஒன்றுக்குள் எலி குட்டி போட்டிருந்ததைச் சொன்னேன், சிரித்தார். மாடிப் படிக்கட்டு போடும் கொத்தனார் வராததைச் சொன்னேன். பேகம் அம்மா ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்திருப்பதைச் சொன்னேன். அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டார். சரிங்க, வைக்கட்டுமா என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று ஹலோ, ஹலோ என்றேன்.

"இருக்கேன்" என்றார். பிறகு, "இன்னா கெசி, எப்போ வர்றேன்னு கேக்கவே இல்ல?"

கேட்கவில்லைதான். போன வாரமும் கேட்கவில்லையாம்.