பர்மிட்டுக்கு வைத்த பொட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

சோபனா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், இங்கிலாந்துக் குளிரும் பழகிவிட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளை நீங்களே இறக்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். எங்கள் தெருவில் கார் நிறுத்த, நாம் அங்கேயே குடியிருப்பவர் என்று காட்டும் பர்மிட் சீட்டைக் கண்ணாடியில் வைக்க வேண்டும். ஆயுத பூஜையன்று வீடியோ காலில் நீங்கள்தானே, "புதுச் சீட்டா? அதுக்கும் நடுவுல ஒண்ணு வெச்சுடும்மா" என்றீர்கள்? வைத்தேன். சந்தனமும் குங்குமமும் நம்பரை மறைத்துவிட்டன. மறுநாள் அபராத நோட்டீஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் கட்டித் தொலை என்றார்கள். என் வீட்டு வாசலில் நிறுத்தியதற்கு நான் ஏன் கட்ட வேண்டும்? பொட்டோடு ஒரு படம், துடைத்த பிறகு ஒரு படம் எடுத்து, அப்பா சொல்லித்தான் வைத்தேன் என்று எழுதி அனுப்பினேன். ரத்து செய்துவிட்டார்கள். அடுத்த முறை ஓரமாக வைக்கும்படி பதில் வந்திருக்கிறது.

குங்குமம் தீர்ந்துவிட்டது. ஊரிலிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள், ராகி மாவும். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
சோபனா

பி.கு.: பர்மிட்டோடு, வீட்டுக்கு வரும் விருந்தாளிகளின் வண்டிக்கென்று வருடத்துக்குப் பத்துச் சீட்டு தருகிறார்கள். போன வருடத்துச் சீட்டு பத்தும் அப்படியே இருக்கிறது.