கறுத்துப்போன ஜம்பர்கள்

3-3-1969, திங்கள்
என் சர்க்யூட் போர்டுக்கு முதலாளி இஷ்தியாக் பாய் ஒப்புக்கொண்டார்! ஆனால் ஒரு கெடு: "நாப்பது ரேடியோ. சனிக்கெழம பாடலன்னா போர்டே வாணாம் தணிகை. பழையபடி கையால கம்பி கட்டிக்கலாம்."

ஒரே பக்கம்தான் செப்புக்கோடு. கோட்டைக் கோடு வெட்டக்கூடாது. வெட்டுகிற இடத்தில் மேலே ஒரு கம்பி தாண்டிப் போகவேண்டும் – ஜம்பர். எப்படி வரைந்தாலும் பதினொன்று வருகிறது. சே!

5-3, புதன்
உறை போட்ட கம்பி என்றால் இரண்டு முனையும் சீவணும். நானூற்று நாற்பது கம்பிக்கு யார் சீவுவது? வெறும் செப்புக்கம்பிதான். நீளத்துக்கு ஒரு குவியலாக வெட்டி ஜன்னலோரத் தட்டில் வைத்தாயிற்று.

7-3, வெள்ளி
ஒண்ணுகூட பாடல. ஈயம் ஒட்டாமல் உருண்டு உருண்டு ஓடுது.
பற்றவைக்கிற கோவிந்தம்மா அக்காவிடம், "உங்க கைதான் சரியில்ல" என்றேன்.
"என் கையா? தட்டப் பாரு. கம்பி கரியா கெடக்குது. பின்னாடி தோல் ஊறவெக்கிற ஷெட்டு காத்து. எங்க வூட்டு செப்புக் குடமே ரெண்டு நாள்ல கறுக்குது. இன்னாத்த படிச்சியோ!"
நான் படித்த எந்தப் பத்திரிகையிலும் தோல் ஷெட்டு இல்லையே! பேஜார்.

8-3, சனி
காலையில் வந்தால், ரெசிஸ்டர்களில் மிச்சமென்று வெட்டிப்போட்ட கம்பிக்கால்களைப் பெருக்கியெடுத்து, ஜம்பருக்குப் பதிலாக மூன்று போர்டில் செருகியிருக்கிறாள் அக்கா. வெள்ளீயம் பூசிய கால். கறுக்கவில்லை. பாடுது!
ஆனால் அது அரை அங்குலம்தான் எட்டும். என் ஜம்பரில் நான்கு அதைவிட நீளம். நூற்றறுபது செப்புக்கம்பியை நானே உப்புத்தாளால் தேய்த்தேன். விரலெல்லாம் எரியுது. ஏன் அப்படி வரைந்தேன்? யார் கேட்டாங்க?
மாலைக்குள் முப்பத்தொன்று பாடின. ஒன்பது ஊமை.
பாய், "நாப்பது கேட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

10-3
ஒன்பதையும் கையால் கம்பி கட்டச் சொல்லிவிட்டார். என்னையே.

14-3
கட்டி முடித்தேன். அக்காவிடம் மன்னிப்பு கேட்கணும். வாய் வரமாட்டேங்குது.

19-3, புதன்
பாய் புதிதாக நூறு போர்டு கேட்கிறார். "வரஞ்சத மொதல்ல கோவிந்தம்மாகிட்ட காட்டு. அது சரின்னா எனக்கும் சரி."
காட்டினேன். ஒரு ஜம்பர்மேல் விரல் வைத்தாள். "வெட்டின காலு இதுக்கு எட்டாது."
அதுதான் இருப்பதிலேயே அழகான வளைவு. கால் மணி நேரம் வாதாடினேன். விரலை எடுக்கவே இல்லை.
அழித்தேன்.